இங்கிலாந்தில் பள்ளி கவர்னர் ஆவது எப்படி? தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"பெற்றோர் கவர்னர் இடம் காலியாக உள்ளது, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று பள்ளியிலிருந்து அவ்வப்போது ஒரு மின்னஞ்சல் வரும். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் பிள்ளைகளின் படிப்புக்காக வார இறுதியையே தியாகம் செய்யும் நம் குடும்பங்களில், இந்த ஒரு மின்னஞ்சலை மட்டும் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இங்கு சொல்வது இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

பள்ளி கவர்னர் என்பவர் யார்?

சம்பளம் இல்லாமல், தன் விருப்பத்தின் பேரில், ஒரு பள்ளியின் பொறுப்பைக் குழுவாக ஏற்றுக்கொள்கிற சாதாரண மனிதர். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலே இப்படி ஒரு குழு உண்டு. அதில் பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தில் வசிப்பவர், கணக்காளர், ஓய்வுபெற்ற செவிலியர் என்று பலவகை ஆட்கள் இருப்பார்கள். நாடு முழுவதும் சுமார் இரண்டரை லட்சம் பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள். பெரும்பாலானோர் வெள்ளையர்கள், நடுவயதைத் தாண்டியவர்கள். பல நிற முகங்கள் நிறைந்த லண்டன் பள்ளிகளில்கூட கவர்னர் கூட்டத்து மேசையைச் சுற்றிப் பார்த்தால், வகுப்பறையில் இருக்கும் ஊர் அங்கே இருக்காது.

அந்தக் குழு என்னதான் செய்கிறது?

அரசின் வழிகாட்டல்படி மூன்று வேலைகள். பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது முதல் வேலை. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் கணக்குக் கேட்பது இரண்டாவது. பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது மூன்றாவது.

சொல்லும்போது சாதுவாகத்தான் கேட்கும். நடைமுறையில் இதன் கனம் வேறு. தலைமை ஆசிரியர் ஓய்வுபெற்றால் புதியவரைத் தேர்ந்தெடுப்பது கவர்னர்கள்தான். விளம்பரம் கொடுத்து, விண்ணப்பங்களைப் பிரித்து, நேர்காணல் நடத்துவதும் அவர்களே. அவர் வந்த பிறகு ஆண்டுதோறும் அவருடைய வேலையை மதிப்பிடுவதும் அவர்களே. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளையின் வழக்கை மறுபரிசீலிப்பது, தலைமை ஆசிரியர் மட்டத்தில் தீராத புகாரைக் கேட்பது எல்லாமே இந்தக் குழுவின் பொறுப்பு.

அப்படியானால் பள்ளியை நடத்துவது கவர்னர்களா, தலைமை ஆசிரியரா?

தலைமை ஆசிரியர்தான். நம்மில் பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் குழுவில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அங்கே குழு என்றால் மண்டபத்தைத் திறப்பதும் கட்டணம் வாங்குவதும் வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் நிற்பதும் கலைவிழாவுக்கு வடை சுடுவதும் அவர்களே. அந்தப் பழக்கத்தோடு கவர்னர் கூட்டத்துக்குப் போனால் கை பரபரக்கும். கணக்குப் பாடத்தை யார் எடுக்க வேண்டும், மதிய உணவு வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்றெல்லாம் இறங்கிவிடத் தோன்றும். அது கவர்னரின் வேலை இல்லை. வகுப்பறைக்குள் போய் ஆசிரியர் பாடம் நடத்துவதை மதிப்பிட அவருக்கு அதிகாரம் கிடையாது. தனி ஆளாக அவருக்கு எந்த அதிகாரமுமே இல்லை என்பதுதான் சரி. எல்லா அதிகாரமும் குழுவுக்குத்தான், அதுவும் முறைப்படி கூடி முடிவெடுக்கும்போது மட்டும்.

கேள்வி கேட்பதுதான் வேலை. நன்றாகக் கேட்பது, பதில் வழவழவென்று இருந்தால் மறுபடி கேட்பது, அடுத்த கூட்டத்தில் "போன முறை சொன்னது என்னாயிற்று?" என்று நினைவுபடுத்துவது.

என்ன கேட்பது? எனக்குக் கல்வித்துறை பற்றி ஒன்றும் தெரியாதே?

தெரியாதவர் கேட்கும் கேள்விதான் பல நேரம் கூட்டத்தில் மிகப் பயனுள்ளதாக இருக்கும். சில உதாரணங்கள்.

வருகைப் பதிவு அறிக்கையில் சராசரி நன்றாக இருக்கிறது. "சரி, இந்தச் சராசரிக்குக் கீழே ஒளிந்திருக்கும் பிள்ளைகள் யார்? பத்து நாளில் ஒரு நாள் வராதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டில் யாராவது பேசினார்களா?" என்று கேட்கலாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் என்று ஒரு வரிசை அட்டவணையில் இருக்கும். இங்கேயே பிறந்து வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும், போன மாதம் விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளையும் அந்த ஒரே வரிசையில்தான் அடைபட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதை அந்த அறையில் சொல்லக்கூடியவர் நீங்களாக இருக்கலாம்.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. 2011 முதல் 'பியூப்பில் பிரீமியம்' என்ற நிதி வருகிறது. முக்கியமாக, குடும்ப வருமானம் குறைவு என்பதால் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அரசு பள்ளிக்குத் தரும் கூடுதல் பணம் அது. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து மேயரின் திட்டத்தில் எல்லா அரசு பிரைமரி பள்ளிப் பிள்ளைகளுக்கும் உணவு இலவசம். நல்ல விஷயம்தான். ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கிறதே என்று தகுதியுள்ள குடும்பங்கள் படிவம் நிரப்பாமல் விட்டால், பள்ளிக்கு அந்தக் கூடுதல் பணம் வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. நம்மவர்களில் சிலர் படிவம் நிரப்புவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். "தகுதி இருந்தும் பதியாத குடும்பங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி ஒரு துணை ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கைக்கூடக் கொண்டுவரலாம். வந்த பணத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற அறிக்கையைப் பள்ளி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கவர்னர் ஆகும் எண்ணமே இல்லாவிட்டாலும் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பட்ஜெட்டில் இப்போது லண்டன் பள்ளிகளை வாட்டுவது பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவது. பிறப்பு குறைந்துவிட்டது, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியூர்களுக்கு நகர்கின்றன. பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் தலைக்கணக்கில்தான் வருகிறது. முப்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளமும் மின்கட்டணமும் குறையாது. இரண்டு வகுப்புகளை ஒன்றாக்குவதா, துணை ஆசிரியர்களைக் குறைப்பதா, பக்கத்துப் பள்ளியோடு சேருவதா என்று பல பிரைமரி பள்ளிகளின் கவர்னர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கூட்டங்களில் யாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவதில்லை.

பெற்றோருக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது?

எப்போதும் இருந்ததல்ல. முன்பு பல ஊர்களில் கவர்னர் குழுக்கள் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) கைப்பிள்ளைகளாக இருந்தன. ஒரே குழு பல பள்ளிகளைப் பார்த்துக்கொண்டதும் உண்டு. 1977இல் அரசு அமைத்த டெய்லர் குழுவின் அறிக்கை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சம இடம் வேண்டும் என்றது. 1980 கல்விச் சட்டம் பெற்றோர் கவர்னர்களைக் கட்டாயமாக்கியது. 1986 சட்டம் அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. 1988 சட்டம் பட்ஜெட்டைப் பள்ளிகளின் கையில் கொடுத்தது. வெறும் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் உண்மையில் வேலை செய்ய வேண்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

கவர்னர்களில் எத்தனை வகை?

கவுன்சில் பராமரிக்கும் பள்ளியில் குழு குறைந்தது 7 பேர் கொண்டது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் கவர்னர்கள் குறைந்தது இருவர், ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர், கவுன்சில் பரிந்துரைக்கும் ஒருவர், தலைமை ஆசிரியர், அப்புறம் குழுவே திறமை பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் 'கோ-ஆப்டெட்' கவர்னர்கள்.

தேவாலயப் பள்ளிகளில் 'ஃபவுண்டேஷன்' கவர்னர்கள் என்று இன்னொரு வகை. கத்தோலிக்கப் பள்ளிகளில் இவர்களை மறைமாவட்ட ஆயர் நியமிக்கிறார், குழுவில் பெரும்பான்மையும் இவர்களே. நம் சமூகத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. பங்குத் தந்தையிடம் கேட்டால் வழி சொல்வார். பல மறைமாவட்டங்கள் இந்த இடங்களை நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பள்ளி அகாடமி. அங்கும் இதேதானா?

கிட்டத்தட்ட. அகாடமி என்பது கவுன்சிலின் கீழ் வராமல், மத்திய அரசிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் அரசுப் பள்ளி. செகண்டரி பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அகாடமிகள், அவற்றில் நிறைய பல பள்ளிகள் சேர்ந்த டிரஸ்ட்டுகளின் கீழ் இருக்கின்றன. சட்டப்படியான முழுப் பொறுப்பு டிரஸ்டிகளுக்கு. அவர்கள் ஒரே நேரத்தில் அறக்கட்டளை அறங்காவலர்கள், நிறுவன இயக்குநர்கள் என்ற இரண்டு சுமையையும் தூக்குகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளூர் குழு ஒன்று இருக்கலாம், ஆனால் அதற்கு எவ்வளவு அதிகாரம் என்பதை டிரஸ்ட் தீர்மானிக்கிறது. சில இடங்களில் பட்ஜெட்டே உள்ளூர்க் குழுவின் கண்ணில் படாது. ஆகவே பெயர் கொடுக்கும் முன் "எந்த முடிவுகள் இந்த மேசையில் எடுக்கப்படுகின்றன?" என்று கேட்டுவிடுங்கள். அதிகாரப் பகிர்வு ஆவணம் டிரஸ்ட்டின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

யார் ஆகலாம்? யார் ஆக முடியாது?

18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தப் பள்ளியின் மாணவராக இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும் என்று விதி இல்லை. பட்டம் தேவையில்லை. பள்ளியில் பிள்ளை இருக்க வேண்டும் என்பது பெற்றோர் கவர்னருக்கு மட்டும்.

திவாலாகி அதிலிருந்து இன்னும் விடுபடாதவர்கள், பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்கள், நிறுவன இயக்குநராகவோ அறங்காவலராகவோ இருக்கத் தகுதி நீக்கம் பெற்றவர்கள், குறிப்பிட்ட அளவு சிறைத்தண்டனை பெற்றவர்கள் ஆக முடியாது. கவுன்சில் பள்ளியில் பெற்றோர் கவர்னராக நிற்பவர் அதே கவுன்சிலின் உறுப்பினராக இருக்கக் கூடாது, அந்தப் பள்ளியில் ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் சம்பளத்துக்கு வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது. நியமனத்துக்குப் பின் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. பள்ளியே அதற்கு ஏற்பாடு செய்யும்.

என் ஆங்கிலம் போதுமா?

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரோடு பேசுகிறீர்கள், மின்னஞ்சல் படிக்கிறீர்கள் என்றால் பேச்சுக்குப் போதும். சிரமம் வாசிப்பில்தான். கூட்டத்துக்கு 7 நாட்களுக்கு முன் ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் எஸ்இஎன்டி, ஈஏஎல், ஈஹெச்சிபி, கேஎஸ்2 என்று எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞருக்கும் முதல் ஆண்டு இவை புரிவதில்லை என்பது ஆறுதல். புரியாததைக் கூட்டத்திலேயே கேளுங்கள். உங்களுக்கு எதிரே இருப்பவரும் அதைத்தான் கேட்க நினைத்துக்கொண்டிருப்பார்.

படிப்பைப் பற்றிய கவலையும் வேண்டாம். ஒரு கடையையோ பெட்ரோல் நிலையத்தையோ பத்து ஆண்டு நடத்தியவருக்கு சம்பளச் செலவு, ஆள் பற்றாக்குறை, காப்பீடு, குத்தகை ஒப்பந்தம் எல்லாம் அத்துப்படி. பள்ளி பட்ஜெட்டைப் பார்த்ததும் "துப்புரவு ஒப்பந்தத்துக்கு எத்தனை இடத்தில் விலை கேட்டீர்கள்?" என்று அவர்தான் முதலில் கேட்பார்.

பெற்றோர் கவர்னர் தேர்தல் எப்படி நடக்கும்?

இடம் காலியானதும் பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் அறிவிக்கும். நிற்க விரும்புபவர் தன்னைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தர வேண்டும். ஒரு இடத்துக்கு ஒருவரே நின்றால் போட்டியின்றித் தேர்வு. பலர் நின்றால் ரகசிய வாக்கெடுப்பு. பெற்றோர் என்றால் தாய் தந்தை மட்டுமல்ல, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் உள்ளவர்களும் அடக்கம். ஒருவரும் முன்வராவிட்டால் குழுவே தகுந்த பெற்றோர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம்.

அந்தச் சில வரிகளில்தான் வெற்றி தோல்வி. "என் மகன் நான்காம் ஆண்டில் படிக்கிறான், இந்தப் பள்ளியை எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் என்ன தெரிந்தவர், எதைக் கவனித்துப் பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். வேறு மொழி பேசும் பெற்றோர் பள்ளியோடு பேசத் தயங்குவது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் தமிழ்ப் பெற்றோரின் பிரதிநிதி என்று மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம். ஜெயித்த பிறகு நீங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவர். மற்ற பெற்றோர் சொன்னபடி வாக்களிக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

பள்ளியில் எனக்குப் பிள்ளை இல்லை. வழி உண்டா?

உண்டு, பல வழிகள். பக்கத்துப் பள்ளிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, கோ-ஆப்டெட் இடம் காலியா என்று கேட்கலாம். கவுன்சிலில் கவர்னர் சேவைப் பிரிவு பெரும்பாலும் இருக்கும், அதில் பதிந்து வைக்கலாம். 'கவர்னர்ஸ் ஃபார் ஸ்கூல்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் ஆட்களையும் பள்ளிகளையும் இலவசமாக இணைத்து வைக்கிறது. பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போன நம் இளைஞர்களுக்கு இது நல்ல வழி. இருபத்தைந்து வயதில் ஒரு பெரிய பட்ஜெட்டைப் பற்றிப் பேசும் மேசை வேறு எங்கே கிடைக்கும்? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் தடை ஏதும் இல்லை.

சேரும் முன் தலைமை ஆசிரியரையும் குழுத் தலைவரையும் நேரில் பாருங்கள், முடிந்தால் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்காருங்கள். கேள்வியே கேட்காமல் தலையாட்டும் குழுவா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும்? பணம் ஏதாவது கிடைக்குமா?

மாதத்துக்கு 5 முதல் 8 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக் குழு ஆண்டுக்கு மூன்று முறையாவது கூட வேண்டும், பல பள்ளிகளில் ஆறு முறை. அதோடு நிதி, பாடத்திட்டம் என்று துணைக்குழுக்கள். பாதுகாப்பு அல்லது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் என்று ஒரு துறையை உங்களிடம் ஒப்படைத்தால் பகலில் பள்ளிக்குப் போய்ப் பார்க்கவும் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம், சேரும்போதே.

சம்பளம் இல்லை. பயணச் செலவு, கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு போன்றவற்றைப் பள்ளியின் விதிப்படி கேட்டு வாங்கலாம். கவுன்சில் பள்ளிகளின் கவர்னர்களுக்கு வேலையிடத்தில் நியாயமான அளவு நேரம் விடுப்புக் கேட்க 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. இரவு வேலை, ஷிப்ட் வேலை செய்பவர்கள் காணொளி வழியாகக் கூட்டத்தில் சேர முடியுமா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பல குழுக்கள் அதை அனுமதிக்கின்றன.

நான் கவர்னர் ஆனால் அண்ணன் மகனுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் சொந்தப் பிள்ளைக்கும் எந்தச் சலுகையும் கிடையாது. உங்களுக்கோ உறவினருக்கோ பள்ளியோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அது இணையதளத்தில் வெளியாகும். மைத்துனர் பெயிண்ட் ஒப்பந்தக்காரர் என்றால் அந்த விவாதம் வரும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும்.

கோயிலிலும் கல்யாண வீட்டிலும் மற்றப் பெற்றோர் பள்ளியைப் பற்றிப் புகார் சொன்னால்?

கட்டாயம் சொல்வார்கள். பந்தியில் பக்கத்து இலையிலிருந்தே தொடங்கும். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்தப் புகார் பின்னால் கவர்னர்கள் விசாரிக்கும் கட்டத்துக்கு வந்தால், முன்பே கதையைக் கேட்டவர் அந்தக் குழுவில் இருக்க முடியாமல் போகலாம். "முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள் அக்கா, அப்புறம் தலைமை ஆசிரியர், அதிலும் தீராவிட்டால் புகார் நடைமுறைப்படி எழுத்தில் கொடுங்கள்" என்று வழி காட்டினால் போதும். கூட்டத்தில் ரகசியமாகப் பேசியது வீட்டில் கணவன் மனைவிக்குக்கூடப் போகக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

இந்த வேலையில் மிகக் கடினமானது எது?

என் கருத்தில், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளையின் வழக்கு. தலைமை ஆசிரியர் ஒரு பிள்ளையை நிரந்தரமாக நீக்கினால் கவர்னர்கள் 15 பள்ளி நாட்களுக்குள் கூடி, அந்த முடிவு சட்டப்படியும் நியாயமாகவும் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக மூன்று பேர் உட்காருவார்கள். எதிரே ஒரு பக்கம் தலைமை ஆசிரியர், மறுபக்கம் அழுதுகொண்டோ கோபத்திலோ ஒரு குடும்பம். பிள்ளையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் அந்த மூவருக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது நன்கு தெரிந்த தலைமை ஆசிரியரை மறுத்துப் பேசுவதாகும் என்பதால் பலர் தயங்குவார்கள். தயங்குபவர்கள் அந்த மூவரில் ஒருவராக உட்காரக் கூடாது.

உங்கள் வீட்டிலேயே இப்படி நடந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். முடிவு பிடிக்காவிட்டால் சுயாதீன மறுஆய்வுக் குழுவிடம் 15 பள்ளி நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம்.

ஆஃப்ஸ்டெட் வந்தால் கவர்னர்களையும் கேட்பார்களா?

கேட்பார்கள். ஆஃப்ஸ்டெட் என்பது பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. அதன் ஆய்வாளர்கள் கவர்னர்களைத் தனியாகச் சந்திப்பது வழக்கம். பள்ளியின் பலவீனம் என்ன, அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பார்கள். 'சிறப்பு', 'நன்று' என்று ஒரே சொல்லில் பள்ளிக்கு முத்திரை குத்தும் முறை 2024 செப்டம்பரில் போய்விட்டது. இப்போது பல தலைப்புகளில் தனித்தனி மதிப்பீடு தருகிறார்கள்.

ஏதாவது தவறு நடந்தால் என் வீடு வாசலுக்கு ஆபத்தா?

நேர்மையாகவும் நல்லெண்ணத்தோடும் குழுவாக எடுத்த முடிவுக்குத் தனிநபர் பொறுப்பு வருவது மிக அரிது. மோசடி செய்தால் அது வேறு கதை.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில்?

வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் கவர்னர்கள் உண்டு, விதிகள் வேறு. ஸ்காட்லாந்தில் இந்த முறை இல்லை. அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 'பேரண்ட் கவுன்சில்' என்ற பெற்றோர் மன்றங்கள் இயங்குகின்றன. அவற்றுக்கு கவர்னர் குழுவின் அதிகாரங்கள் கிடையாது.

பதவிக்காலம் எவ்வளவு? நடுவில் விலகலாமா?

பொதுவாக 4 ஆண்டுகள். கவுன்சில் பள்ளியில், பிள்ளை படிப்பு முடித்துப் போனாலும் பெற்றோர் கவர்னர் தன் காலம் முடியும் வரை தொடரலாம். விலக வேண்டுமென்றால் குழுவின் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆறு மாதம் கூட்டங்களுக்கு வராதவரின் பதவி தானாகவே போய்விடும், அதற்குள் அரை ஆண்டு அந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்திருக்கும்.